கடைசிப் பெஞ்சில் ஓர் இடம்



'விசுவாசமும் விடுதலையும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். முப்பத்தோரு வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அதற்கு முன்பிருந்தே, குடிக்கிற ஒருவரின் தங்கச்சி. வார்டில் கற்றதைவிட வீட்டில் கற்றதே அதிகம். அண்ணனைப் பற்றி இங்கே பேசலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரச் சொல்லாத பாப்பா, மத்ததெல்லாம் சொல்லு" என்றார்.

அண்ணன் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலைப் புரட்டுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து அந்த வாடை போகாது. அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பிப் போவார். இந்தத் திண்டுக்கல் ஊர்த் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அந்த உழைப்பை அறியாதவர்கள்தான் குடியை வெறும் ஒழுக்கக் கேடு என்பார்கள். பூட்டுப் பட்டறையிலும், புகையிலைக் கிடங்கிலும், சந்தையில் மூட்டை தூக்குகிற இடத்திலும் இதே கதைதான். உடம்பு வலிக்கு முதல் கட்டிங். பிறகு கை நடுக்கம் நிற்க ஒன்று. பிறகு காலையில் எழுந்திருக்கவே ஒன்று.

அவர் முதன்முதலில் குடியை விட்டது ஒரு தவக்காலத்தில். நம்மூர் ஆண்கள் பலர் திருநீற்றுப் புதனிலிருந்து நாற்பது நாள் தொடமாட்டார்கள். பழனிக்கும் சபரிமலைக்கும் மாலை போடுகிற அக்கம்பக்கத்துச் சகோதரர்களும் அப்படியே. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறவர்களும் அப்படியே. இந்த விரதங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். கொஞ்சமாகக் குடிக்கிறவருக்கு அது நல்ல மூச்சு. ஆனால் வருஷக்கணக்காகக் காலை முதல் இரவு வரை குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கோயிலில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்தத் தவக்காலத்தில் அண்ணனை ஒரு நண்பர் வெளியூர் ஜெப வீடு ஒன்றுக்கு அழைத்துப் போனார். முதல் நாள் நடுக்கமும் வியர்வையும். இரண்டாம் நாள் ஒரு சொட்டுத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு, கையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். தரையில் சுண்ணாம்புக் குழி தெரிகிறது, காலை வைக்காதே என்று கத்தியிருக்கிறார். செத்துப்போன எங்கள் அப்பாவோடு பேசியிருக்கிறார். அசுத்த ஆவி என்று முடிவு செய்துவிட்டார்கள். நான்கு பேர் பிடித்துக்கொள்ள, விடிய விடிய ஜெபம். நைட் டூட்டி முடிந்து தகவல் கிடைத்து நான் போய்ப் பார்த்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. நாடி நூற்று நாற்பதுக்கு மேல் ஓடியது. எந்த ஊர், என்ன கிழமை என்று கேட்டால் தெரியவில்லை.

அதற்கு மருத்துவத்தில் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர். பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கும். அதற்கு முன்பே, முதல் இரண்டு நாளில் வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மூளையின் வேகத்தைத் தணிக்கிற மாத்திரையை டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் ஊசி போடுவார்கள்; அது பி1 வைட்டமின்தான். தயமின் போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றிவிட்டு அனுப்புகிற இடங்கள் இன்றும் இருக்கின்றன. பல வருஷம் குடித்தவரின் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மூளையையே கெடுத்துவிடக் கூடும். அண்ணனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் அண்ணன் கண்ணைத் திறந்து, "பாப்பா, மோர் இருக்கா" என்று கேட்டார்.

அந்த ஜெப வீட்டாரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வாந்தியை வாரிக் கொட்டியது அவர்கள். மூன்று இரவு கண் விழித்தது அவர்கள். எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அந்த நேரத்தில் வாசல் பக்கம் வரவில்லை. அவர்களிடம் அன்பு இருந்தது. அந்த மூன்றாம் நாள் ராத்திரியைப் பற்றிய அறிவு மட்டும் இல்லை. அந்த அறிவு ஒரு பக்கத் துண்டுப் பிரசுரத்தில் அடங்கிவிடும். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஆலயத்திலும், ஒவ்வொரு ஜெப வீட்டிலும் அதை ஒட்டி வைக்க வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. ஜெபிக்கிறவர்களில் ஒருவர் கூடவே போய் அங்கே படுக்கையருகில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதை நம்பிப் பவுடரைக் குழம்பில் கலந்து கொடுத்த மனைவிமார்களை எனக்குத் தெரியும். டாக்டர் பார்த்து, குடிக்கிறவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அந்தப் பொட்டலத்தில் இருந்தால், அவர் அதன்மேல் குடிக்கும்போது இதயம் தாங்காமல் போகலாம். பாவம், அந்தப் பெண்களுக்கு வேறு வழி காட்டியவர் யார்?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலாம் மாதம் அண்ணனை ஒரு கூட்டத்தில் மேடை ஏற்றினார்கள். சாட்சி சொன்னார். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'இனி ஒரு சொட்டுத் தொடமாட்டேன்' என்றபோது கூட்டமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஏழாம் மாதம் பெரியப்பா வீட்டுத் துக்கத்தில் மறுபடி குடித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. குடிக்கும்போது வந்துகொண்டிருந்தவர், சாட்சி சொன்ன பிறகு வர முடியாமல் போனார். "சாட்சி சொன்ன வாயோட எப்படி பாப்பா உள்ள வர்றது?" என்றார்.

குடிநோய் திரும்பத் திரும்ப வருகிற நோய். டாக்டர்களுக்கு இது தெரியும். மறுவாழ்வு மையங்களுக்குத் தெரியும். விசுவாசிகளாகிய நமக்குத்தான் ஒரே நாளில் முடிந்த விடுதலை வேண்டியிருக்கிறது. நாம் சாட்சிகளைச் சேர்த்து வைக்கிறோம். சாட்சிக்குப் பிறகு விழுந்தவருக்கு இடம் வைக்கவில்லை. என் கவலை முழுவதும் அந்த ஆளைப் பற்றித்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி புனிதர் என்று அறிவித்தவர்களில் மார்க் ஜி தியான்சியாங் என்ற சீனர் ஒருவர். அவர் மருத்துவர், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். வயிற்று நோவுக்கு அபின் சாப்பிடத் தொடங்கி அதிலேயே மாட்டிக்கொண்டார். வாராவாரம் அதே பாவத்தைச் சொல்லிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவரிடம், விடுகிற எண்ணமே உமக்கில்லை என்று குருவானவர் மன்னிப்பு மறுத்தார். முப்பது வருஷம் நற்கருணை கிடையாது. முப்பது வருஷமும் அவர் பூசைக்கு வருவதை நிறுத்தவில்லை. அபினையும் விட முடியவில்லை. 1900இல் பாக்சர் கலகத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு பிடிபட்டபோது, வீட்டார் யாரும் தனியாகச் சாகக் கூடாது என்று தன்னைக் கடைசியாக வெட்டச் சொன்னாராம். போதையை ஜெயிக்காத ஒருவரின் பெயர் பீடத்தில் இருக்கிறது. எங்கள் பங்கில் இந்தப் புனிதரைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்தக் குருவானவரின் கண்டிப்போடு சேர்த்து இன்னொரு துறவியையும் நினைக்கிறேன். அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் புனித தோமையார் மருத்துவமனை. அங்கே சிஸ்டர் இக்னேஷியா நோயாளிகளைச் சேர்க்கும் அலுவலகத்தில் இருந்தார். அடிப்படையில் இசை ஆசிரியை. மனமும் உடம்பும் உடைந்து படுத்து எழுந்த பிறகு, இலகுவான வேலை என்று அந்த மேசையைக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் குடிகாரர்களை ஆஸ்பத்திரிகள் படுக்கையில் சேர்க்காது. டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், தானே குடியிலிருந்து மீண்டவர், 1939 ஆகஸ்டில் ஒரு ஆளை அழைத்து வந்தார். சிஸ்டர் 'கடுமையான இரைப்பை அழற்சி' என்று எழுதி உள்ளே எடுத்துக்கொண்டார். தனி அறை இல்லை. நோயாளிகளுக்கு வந்த பூக்களை அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குள் கட்டிலைத் தள்ளினார். நிலக்கோட்டைப் பூவும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டும் தெரிந்த நமக்கு அந்த அறையின் வாசனையைக்கூட ஊகிக்க முடியும். பூக்களுக்கு நடுவே ஒரு மனிதன் நடுங்கிக்கொண்டு கிடக்கிறான்.

குணமாகிப் போகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் அந்த அம்மையார் ஒரு திருஇருதய பேட்ஜ் கொடுப்பார். குடிக்க முடிவு செய்தால், குடிப்பதற்கு முன்னால் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார். இந்த நிபந்தனையை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கவில்லை அவர். விழப் போகும்போதும் என் வாசலுக்கு வந்துவிட்டுப் போ என்கிறார். அப்படி வருகிறவனைப் பாதி வழியிலேயே பிடித்து உட்காரவைத்துவிடலாம்.

அந்த டாக்டர் பாப்பும் பில் என்ற பங்கு வியாபாரியும் 1935இல் தொடங்கியதுதான் ஏ.ஏ. என்கிற 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அவர்கள் முதலில் கூடியது ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தின் வீடுகளில். பிறகு தனியே பிரிந்து, அவரவர் அறிந்த கடவுள் என்று வாசலை அகலமாக்கிக்கொண்டார்கள். முருக பக்தரும் உள்ளே வரலாம், சாமி கும்பிடாதவரும் வரலாம். 1957இல் பம்பாய் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஒருவர் மறுபடி குடித்துவிட்டு வந்தால், திரும்ப வா என்றுதான் சொல்வார்கள். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்; உட்காருகிற பாய் மாறாது.

செயிண்ட் லூயியைச் சேர்ந்த எட்வர்ட் டவ்லிங் என்ற சேசு சபைக் குரு 1940இல் பில்லைத் தேடிப் போய், உங்கள் பன்னிரண்டு படிகளும் எங்கள் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளும் ஒத்துப்போகின்றனவே என்று வியந்தார். இந்தச் செய்தி திண்டுக்கல்லுக்கு எட்டத்தில் இல்லை. வீரமாமுனிவர் பெயர் தாங்கிய பெஸ்கி இல்லத்தில், நம் கண்ணெதிரே, சேசு சபையின் இளம் நவதுறவிகள் முப்பது நாள் மௌனமாக அந்தப் பயிற்சிகளைத்தான் செய்கிறார்கள். அதை எழுதிய மனிதர் 1522இல் மன்ரேசாவில், குற்ற உணர்வு தாங்காமல் உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்தவர். அதை மறைக்காமல் தன் வரலாற்றில் சொல்லியும் வைத்தார். மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில் பழைய முடிவுகளை மாற்றாதே என்று அவர் வகுத்த விதியை, மனநல வார்டில் நின்ற நான் பலருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பலன் இருந்திருக்கிறது. இந்த இருட்டைத் தெரிந்த ஒருவரின் கைபட்ட விதி அது.

குடிக்கிறவரைச் சுற்றியே பேசிக்கொண்டு போனால் வீட்டுப் பெண்கள் விட்டுப்போவார்கள். எங்கள் அண்ணி வெளி நோயாளி வரிசையில் நின்றபோது சொன்னது மனசைப் பற்றி இல்லை. தலை எரிகிறது, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் இருக்கிறது, தூக்கமில்லை என்றுதான். நம் பெண்களுக்கு மனச்சோர்வு உடம்பு வழியாகத்தான் பேசும். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குப் போவார். அங்கே அழுதுவிட்டு வந்தால் ஒரு வாரம் ஓடும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் முகம் தெளிந்தது. அப்புறம் ஓர் உபவாச ஜெபத்தில் யாரோ, "மாத்திரையை நம்புறியா, ஆண்டவரை நம்புறியா" என்று கேட்க, நிறுத்திவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அதன் பாரம் தெரியாது. அதற்குப் பிறகு நாங்கள் பட்ட ஆறு மாதத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணீரும் தூக்கமும். எழுப்பி, இன்னொரு தடவை சாப்பாடு. கடவுளின் குரல் அதற்கெல்லாம் பிறகுதான். வேலூரில் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது இந்த வரிசையைப் புரிந்துகொண்டவர்களாகத்தான் இருந்தார்கள். நோயாளியோடு வீட்டாரும் தங்கலாம். கூடவே சமைக்கலாம். இங்கே ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் தாரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் 1955இல் கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே விசுவாசத்தில்தான். மருந்தையும் ஜெபத்தையும் எதிரிகளாக்குகிறவர்கள் இந்த முன்னோரை மறந்துவிட்டார்கள்.

எதிரிகளாக்கினால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அது ஒரு மதத்தின் குற்றம் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் நம் புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்கும் மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து நாள்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் தெய்வத்தை நம்பி வருவதில் தவறில்லை. வந்த இடத்திலேயே ஒரு டாக்டரும் இருக்க வேண்டும். குஜராத்தில் ஒரு தர்காவில் துவாவும் தவாவும், அதாவது பிரார்த்தனையும் மருந்தும் ஒரே வாசலில் கிடைக்கும்படி செய்தார்கள். பின்னர் ஏர்வாடியிலும் அந்த ஏற்பாடு வந்தது. நம் திருத்தலங்கள் ஏன் தயங்க வேண்டும்?

தற்கொலை செய்துகொண்டவர்களின் அடக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் மூலையில், மணி அடிக்காமல், குருவானவர் வராமல் புதைத்ததை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை கிடையாது. கடுமையான மனநோய் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கிறது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. நாட்டின் சட்டமும் 2017இல் மாறி, சாக முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. சட்டங்கள் இறங்கி வந்துவிட்டன. ஊர் வாய்தான் இன்னும் மூலையில் நிற்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில், திருமண ஓலைகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஒரு கேள்வி இந்த மேடையில் வரும் என்று தெரியும். கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடாதா? 2003 கடைசியிலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடைகள் குறைய வேண்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டவள்தான். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்கள் குடித்தது கடைச் சரக்கு அல்ல. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிக்காமல் இருக்க முடியாத உடம்போடு ஒருவர் நம் தெருவில் நடந்துகொண்டிருப்பார்.

சாந்தி ரங்கநாதன் அம்மையார் 33 வயதே ஆன கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980இல் சென்னையில் கணவர் பெயரில் சிகிச்சை மையம் தொடங்கினார். சில வருஷங்களில், நோயாளிகள் சென்னைக்கு வரக் காத்திராமல் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே சிகிச்சை முகாமைக் கொண்டுபோனார்கள். நம் சின்னாளப்பட்டிக்கும் வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் அப்படி முகாம் வர வேண்டுமானால் இடம் வேண்டும். பங்குகளிடமும் சபைகளிடமும் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிற மண்டபங்கள் இருக்கின்றன. பூட்டுக்குப் பேர் போன ஊரில் சாவி கேட்டு நிற்கிறேன்.

அண்ணன் திரும்பி வந்த கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு சாதாரண ஞாயிறு, பூசை தொடங்கிய பிறகு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கோயில்பிள்ளை அவரைப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். கோயில்பிள்ளை பக்கத்தில் வந்து பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் பிரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் எத்தனை தடவை விழுந்தார், எத்தனை தடவை எழுந்தார் என்பதை அவருடைய ஜெபப் புத்தகத்தின் கடைசித் தாளில் தேதி தேதியாக எழுதி வைத்திருக்கிறார். பதினொரு தேதி. நான்காவது தேதிக்குப் பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஏழாவதில்தான் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். பதினொன்றாவது தேதிக்கு இந்தக் கார்த்திகையோடு ஒன்பது வருஷம். மறுபடி சாட்சி சொல்ல இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. போகவில்லை.

இன்றைக்கும் அழைத்தேன். "வியாழக்கெழம ஆறரைக்குக் கூட்டம் பாப்பா. புதுசா ஒரு பையன் வர்றான், நேத்துதான் ஆஸ்பத்திரியில இருந்து விட்டாங்க. நான் போய் ரூமைத் திறந்து பாய் விரிக்கணும்" என்றார்.